தேய்மானமும் நழுவலும் சேர்ந்த முழங்கால்: எந்த ஆபரேஷன், யாருக்கு, ஏன்

கேள்வி இது. வயது 46. இருபது வருடங்களுக்கு முன் விளையாட்டில் ஏசிஎல் (கீழ்க்கால் எலும்பு முன்னால் நகராமல் பிடிக்கும் லிகமெண்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார்) கிழிந்தது, அப்போது சரிசெய்யவில்லை. சில வருடங்கள் கழித்து உள்பக்க மெனிஸ்கஸில் (முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு) ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது, சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது. ஒரு மருத்துவர் புது ஏசிஎல் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் எலும்பை வெட்டி நிமிர்த்தச் சொல்கிறார். மூன்றாமவர் அறுபது வயதுவரை பொறுத்து மூட்டையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். மலையேற்றத்தையும் பேட்மிண்டனையும் விட மனமில்லை. யார் சொல்வது சரி?

மூவரும் மூன்று தனித்தனிக் கோளாறுகளுக்குப் பதில் சொல்கிறார்கள். உங்களிடம் இருப்பது லிகமெண்ட் இல்லாமை, குருத்தெலும்புத் தேய்மானம், கால் வளைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கும் நிலை. இதில் முதலில் பார்க்க வேண்டியது கால் வளைவு. உடல் எடை முட்டியின் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அளக்காமல் லிகமெண்டைப் பற்றியோ மூட்டு மாற்றைப் பற்றியோ முடிவெடுப்பது தவறு. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து வருவது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். உங்களுக்குத் தொந்தரவு வலியா, நழுவலா? "முட்டி விட்டுப்போகிறது" என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் லிகமெண்ட் கோளாறு இருப்பதில்லை. உண்மையான நழுவல் பெரும்பாலும் பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது வரும். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் விலகிச் சேர்ந்த உணர்வு இருக்கும், அன்றோ மறுநாளோ முட்டி வீங்கும். நேராக நடக்கும்போதும் படி இறங்கும்போதும் சுருக்கென்று வலித்துக் கால் மடங்கினால் அது வேறு. மூட்டுக்குள் நீர் கோத்திருந்தாலே தொடையின் முன்தசை சரியாகச் சுருங்காது. கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு, மூட்டுக்குள் மிதக்கும் எலும்புத் துணுக்கு, முட்டிச் சில்லுக்குப் பின்னால் உள்ள தேய்மானம் எதுவானாலும் காலை அந்த நொடியில் விட்டுவிடச் செய்யும். இந்த இரண்டாவது வகைக்குப் புது லிகமெண்ட் வைத்தால் ஆபரேஷன் நன்றாக முடியும், தொந்தரவு அப்படியே இருக்கும்.

கையால் செய்யும் பரிசோதனையிலும் தேய்ந்த முட்டி ஏமாற்றும். முட்டியை 20 முதல் 30 டிகிரி மடக்கிக் கீழ்க்காலை முன்னால் இழுக்கும் லாக்மன் சோதனையை நம்பலாம். ஆனால் முட்டியைச் சுழற்றி நழுவலைக் காட்டும் பிவட் ஷிஃப்ட் சோதனை, எலும்பு முட்கள் வளர்ந்த முட்டியில் வராமலே போகலாம். அதனால் ஏசிஎல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூட்டு இறுகத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பொறி: உள்பக்கக் குருத்தெலும்பு கரைந்த காலை வெளிப்பக்கம் தள்ளினால் உள்பக்கம் திறப்பதுபோல் தெரியும். உள்பக்க லிகமெண்ட் தளர்ந்ததாகத் தோன்றும். உண்மையில் லிகமெண்ட் தன் நீளத்தில்தான் இருக்கிறது; நடுவில் இருந்த குருத்தெலும்பின் உயரம்தான் போய்விட்டது. இதைத் தளர்வு என்று எண்ணி அந்த லிகமெண்டை இறுக்கப் போகக் கூடாது. நோயாளியைச் செருப்பில்லாமல் நடக்கவிட்டுப் பார்ப்பதும் கட்டாயம். காலை ஊன்றும் நொடியில் முட்டி வெளிப்பக்கம் வெட்டிப்போனால் வெளிப்பக்க லிகமெண்டுகளும் நீண்டுவிட்டன. அந்த ஒரு காட்சி சிகிச்சைத் திட்டத்தையே மாற்றிவிடும்.

படங்களில் எம்ஆர்ஐக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். அது படுத்த நிலையில் எடுப்பது. மெனிஸ்கஸ், அதன் வேர், குருத்தெலும்பு, எலும்புக்குள் நீர் எல்லாம் காட்டும். எடை எங்கே இறங்குகிறது என்று காட்டாது. தேவைப்படுவது நின்ற நிலை எக்ஸ்ரேக்கள். ஒன்று முட்டியை நேராக வைத்து, ஒன்று 45 டிகிரி மடக்கிப் பின்னாலிருந்து எடுப்பது, ஒன்று பக்கவாட்டில், ஒன்று சில்லுக்கு. இவற்றோடு இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால்வரை ஒரே படமாக முழுக்கால் எக்ஸ்ரே. மடக்கி எடுக்கும் படத்தை விட்டுவிடாதீர்கள். ஏசிஎல் இல்லாத முட்டி பின்பகுதியில் தேய்வது. நேராக நிறுத்தி எடுத்த படத்தில் இடைவெளி நன்றாகவே இருப்பதுபோல் தெரிந்து, மடக்கிய படத்தில் எலும்போடு எலும்பு தொட்டுக்கொண்டிருக்கலாம். முழுக்கால் படத்தில் சில்லு நேர் முன்னால் பார்த்திருக்க வேண்டும். பாதத்தை நேராக வைத்துக் காலைத் திருப்பி எடுத்திருந்தால் கோணங்கள் எல்லாமே பிழைபடும், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அது ஏன் பின்பகுதியில் தேய்கிறது? ஏசிஎல்லின் வேலை கீழ்க்கால் எலும்பு முன்னால் நகராமல் பிடிப்பது. அது இல்லாதபோது கீழ்க்கால் முன்னால் நகர, தொடை எலும்பு அதன் மேல்தளத்தின் பின்விளிம்பில் ஏறி உட்காருகிறது. உள்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்புதான் அங்கே ஆப்பு வைத்ததுபோல் நின்று நகர்வைத் தடுத்துக்கொண்டிருக்கும். பளுவைத் தாங்கித் தாங்கி அது கிழிகிறது. கிழிந்த பகுதியை எடுத்துவிட்டால் நழுவலும் கூடுகிறது, தேய்மானமும் கூடுகிறது. உள்பக்கம் உயரம் குறைந்ததும் கால் வில்லாக வளைகிறது, வளைந்ததும் எடை இன்னும் உள்பக்கம் போகிறது. ஃபிராங்க் நாய்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை மூன்று படிகளாக வகுத்தார். எலும்பின் வளைவும் உள்பக்கத் தேய்வும் மட்டும் இருப்பது முதல் படி. வெளிப்பக்க லிகமெண்டுகள் நீண்டு, ஊன்றும்போது வெளிப்பக்க மூட்டு திறப்பது இரண்டாம் படி. பின்வெளி மூலையின் (முட்டியின் பின்புறமும் வெளிப்பக்கமும் சேரும் இடம்) திசுக்களும் தளர்ந்து முட்டி பின்னோக்கியும் வளைவது மூன்றாம் படி. படி ஏற ஏற ஆபரேஷனும் பெரிதாகும்.

இப்போது முதல் மருத்துவரின் யோசனைக்கு வருவோம். கால் நேராக இருந்து, தேய்மானம் தொடக்கநிலையில் இருந்து, நழுவல்தான் முக்கியத் தொந்தரவு என்றால் ஏசிஎல் மட்டும் வைப்பது சரியான வழி. நாற்பது, ஐம்பது வயது அதற்குத் தடையல்ல. ஆனால் கால் வளைந்திருக்கும்போது, அதிலும் வெளிப்பக்கம் வெட்டி நடக்கும்போது, ஒவ்வொரு அடியும் அந்தக் கிராஃப்டை, அதாவது ஏசிஎல்லுக்குப் பதிலாக வைத்த நாணை, இழுக்கும். நாளடைவில் அது நீண்டுவிடக்கூடும். நீளாவிட்டாலும் உள்பக்க வலி குறையாது, ஏனென்றால் எடை விழும் இடம் மாறவில்லை. எலும்பு முட்களால் ஏற்கெனவே இறுகி, நழுவலே இல்லாத முட்டிக்கு ஏசிஎல் வைப்பது அதைவிடத் தவறு. மிச்சமிருக்கும் அசைவும் போய், முட்டி நேராக நீட்ட முடியாமல் நின்றுவிடும்.

மூட்டுக்குள் கேமரா விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது பற்றியும் கேட்பார்கள். தேய்மானத்துக்கு அது மட்டும் போதாது. 2002இல் மோஸ்லி குழுவினர் தோலில் வெட்டு மட்டும் போட்ட போலி ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள், பலனில் வித்தியாசம் இல்லை. 2008இல் கர்க்லி குழுவினர் உடற்பயிற்சியோடும் மருந்தோடும் ஒப்பிட்டபோதும் கூடுதல் பலன் தெரியவில்லை. முட்டி பூட்டிக்கொள்ளுமளவு துணுக்கு இருந்தால் மட்டும் அதை எடுக்கலாம்.

உங்கள் நிலையில் நான் முதலில் கருதுவது இரண்டாமவர் சொன்ன ஆஸ்டியாட்டமி, அதாவது கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை உள்பக்கமிருந்து வெட்டி, வெட்டை ஆப்பு வடிவில் திறந்து கோணம் மாற்றிப் பளுவை நல்ல பக்கத்துக்குத் தள்ளுவது. இதற்குப் பொருத்தமானவர் யார்? தேய்மானம் உள்பக்க அறையில் மட்டும் இருக்க வேண்டும். வெளிப்பக்க மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் நன்றாக இருக்க வேண்டும், இனி அதுதான் சுமக்கப்போகிறது. முட்டி 100 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், நீட்டும்போது 10 டிகிரிக்கு மேல் குறை இருக்கக் கூடாது. ருமட்டாய்டு போன்ற அழற்சி மூட்டுநோய் இருக்கக் கூடாது. புகைப்பவர் நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், கூடாமலும் போகலாம். வயது வரம்பு என்று கறாராக ஒன்றுமில்லை என்றாலும் அறுபதுக்குள் என்பது பொதுவழக்கம். பளுவை வெளிப்பக்கம் மாற்றும் வால்கஸ் பிரேஸை (முட்டியில் மாட்டும் தாங்குபட்டை) ஆறு வாரம் அணிந்து பார்ப்பது நல்ல முன்னோட்டம். அதில் வலி தெளிவாகக் குறைந்தால் ஆஸ்டியாட்டமியிலும் குறைய நல்ல வாய்ப்பு உண்டு. எடை கூடுதலாக இருந்தால் அதையும் இப்போதே தொடங்குங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பளு ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பது 2005இல் மெஸ்ஸியர் குழுவினர் அளந்து சொன்னது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. தொடை எலும்பின் தலை நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு போடுவார்கள். இதைப் பாரக்கோடு என்று வைத்துக்கொள்வோம். நல்ல காலில் இது முட்டியின் நடுவில் அல்லது சற்று உள்பக்கமாகப் போகும். உங்கள் காலில் உள்பக்க அறையின் நடுவிலேயே போகலாம். கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தை உள்விளிம்பிலிருந்து 0, வெளிவிளிம்பில் 100 என்று பிரித்தால், தேய்மானத்துக்கு மட்டும் செய்யும்போது கோட்டை 62 சதவீதப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோவது பழைய வழக்கம். ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிசாவா 1979இல் எழுதியதிலிருந்து அந்தப் பெயராலேயே அந்தப் புள்ளி அழைக்கப்படுகிறது. ஏசிஎல்லும் சேர்த்துச் செய்யும்போதும் தேய்மானம் மிதமாக இருக்கும்போதும் அவ்வளவு தள்ளத் தேவையில்லை. 50 முதல் 55 சதவீதம் போதும். ஓடியாடுபவர்கள் முட்டி இடிக்கும் அளவுக்குத் திருத்தப்பட்ட காலை விரும்புவதில்லை, வெளிப்பக்கமும் அதைத் தாங்குவதில்லை.

கோணத்தை மில்லிமீட்டராக மாற்றுவதில் ஒரு சுலபக் கணக்கு புழங்குகிறது: ஒரு டிகிரிக்கு ஒரு மி.மீ. திறப்பு. வெட்டின் நீளம் 57 மி.மீ. இருந்தால்தான் அது சரி. வெட்டு 65 மி.மீ. நீளமுள்ள பெரிய எலும்பில் 8 டிகிரி வேண்டுமானால் 9 மி.மீ. திறக்க வேண்டும், 8 மி.மீ. திறந்தால் 7 டிகிரிதான் கிடைக்கும். இன்னொன்று, வளைவு முழுவதும் எலும்பில் இருப்பதில்லை. வெளிப்பக்கம் தளர்ந்து திறப்பதாலும் ஒரு பங்கு வளைவு வரும். நின்ற படத்தில் இரண்டு எலும்புகளின் மூட்டுப் பரப்புகளுக்கு இடையே உள்ள கோணம் இயல்பில் 0 முதல் 2 டிகிரி. அது 6 டிகிரி என்றால் அதில் நான்கு டிகிரி தளர்வினாலும் தேய்வினாலும் வந்தது, எலும்பு நிமிர்ந்ததும் ஒரு பகுதி தானாக மூடிக்கொள்ளும். மொத்த வளைவையும் எலும்பில் திருத்தினால் கால் மறுபக்கம் வளைந்துபோகும். எலும்பின் வளைவு எங்கே என்பதும் முக்கியம். கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் அந்த எலும்பின் அச்சோடு சேரும் கோணம், உள்பக்கமாக அளந்தால், இயல்பில் சுமார் 87 டிகிரி இருக்கும். திருத்தியபின் 95ஐத் தாண்டுமானால் மூட்டுக்கோடு சரிந்துவிடும். அப்போது தொடை எலும்பிலும் சேர்த்து இரண்டு இடங்களில் வெட்டுவதே சரி.

அடுத்தது பின்சரிவு. நழுவும் முட்டியில் கால் வளைவுக்குச் சமமான முக்கியத்துவம் இதற்கு உண்டு, பலர் கேட்பதே இல்லை. கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பக்கவாட்டில் பார்த்தால் பின்னோக்கி 7 முதல் 10 டிகிரி சாய்ந்திருக்கும். சாய்வு கூடினால் எடை விழும்போது கீழ்க்கால் முன்னால் சறுக்கும். 10 டிகிரி கூடினால் சுமார் 6 மி.மீ. முன்னகர்வு கூடும் என்பது லியோன் நகரத்தின் டெஜூர், பொன்னின் இருவரும் 1994இல் காட்டியது. 12 டிகிரியைத் தாண்டினால் ஏசிஎல் கிராஃப்ட் அறும் ஆபத்து உயரும். ஆகவே ஏசிஎல் இல்லாத முட்டியில் பின்சரிவைக் கூட்டவே கூடாது, முடிந்தால் சற்றுக் குறைக்க வேண்டும். பிசிஎல் (கீழ்க்கால் பின்னால் நகராமல் பிடிக்கும் லிகமெண்ட்) இல்லாத முட்டியில் இதற்கு நேர் எதிர்: அங்கே கீழ்க்கால் பின்னால் தொங்குகிறது, சரிவைக் கூட்டினால் அது முன்னால் வந்து உட்காரும். ஒரே ஆபரேஷன், வெட்டிய எலும்பைப் பிடித்துவைக்கும் ஒரே பிளேட், லிகமெண்டைப் பொறுத்து இலக்கு தலைகீழ். உள்பக்கம் திறந்து செய்யும் முறை கவனமில்லாவிட்டால் சரிவைத் தானாகக் கூட்டிவிடும். கீழ்க்கால் எலும்பின் உள்பக்கம் முக்கோண வடிவம் என்பதால், முன்பக்கத் திறப்பு பின்பக்கத் திறப்பில் பாதியளவு இருந்தால்தான் சரிவு மாறாது. முன்னும் பின்னும் ஒரே அளவு திறந்தால் சரிவு ஏறிவிட்டது என்று பொருள்.

ஆபரேஷனின் படிகள் சுருக்கமாக இவை. உள்பக்க முன்புறத்தில் 5 முதல் 7 செ.மீ. வெட்டு. உள்பக்க லிகமெண்டின் மேல்படலத்தை எலும்பிலிருந்து கீழ்நோக்கி விடுவித்து, எலும்பின் பின்புறத்தில் ரத்தக்குழாயைக் காக்கத் தடுப்புக் கருவி வைப்பார்கள். மூட்டுக்கோட்டுக்கு 3.5 முதல் 4 செ.மீ. கீழே தொடங்கி, வெளிப்பக்கத்தில் பிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு) தலை நோக்கி இரண்டு வழிகாட்டிக் கம்பிகளை எக்ஸ்ரே பார்த்துச் செலுத்துவார்கள். அந்தக் கம்பிகளுக்குக் கீழே ரம்பத்தால், சூடேறாமல் உப்புநீர் ஊற்றிக்கொண்டே, வெட்டு. வெளிப்பக்கத்தில் 5 முதல் 10 மி.மீ. எலும்பை வெட்டாமல் கீலாக விடுவார்கள். முன்பக்கத்தில், சில்லுத் தசைநாண் ஒட்டும் மேட்டுக்குப் பின்னால் மேல்நோக்கி இரண்டாவது வெட்டு. அந்த மேட்டில் ஒரு செ.மீ.க்குக் குறையாத தடிமன் விட வேண்டும். பிறகு உளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நிமிடக்கணக்கில் மெல்ல மெல்லத் திறப்பார்கள். பச்சைக் குச்சியை வளைப்பதுபோல் எலும்பு இசைந்துகொடுக்க நேரம் வேண்டும். அவசரப்பட்டால் கீல் முறியும். கோட்டைச் சரிபார்த்து, ஸ்க்ரூக்கள் தன்னோடு பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் முடிந்தது. திறப்பு 10 மி.மீ.க்குள் இருந்தால் நிரப்ப எலும்பு வைக்காமலே கூடும். அதற்கு மேல் போனாலோ, கூடுவது தாமதமாகும் என்று பட்டாலோ எலும்புத்தூள் வைப்பதுண்டு.

கீல் முறிவில் மூன்று வகை. பிபுலா சேருமிடத்துக்குள் அடங்கிய முறிவு ஆபத்தில்லை. கீழே இறங்கும் முறிவு ஆட்டம் கொடுத்துக் கூடத் தாமதமாகும். மூட்டுத்தளத்துக்குள் ஏறும் முறிவுதான் மோசம். வெட்டு மூட்டுக்கு மிக அருகில் போனாலும், பின்பக்க எலும்புத்தோடு முழுதாக வெட்டப்படாமல் வலிந்து திறந்தாலும் இது வரும். பின்பக்கத்தை அரைகுறையாக வெட்டியதற்கும், உள்பக்க லிகமெண்டைப் போதுமளவு விடுவிக்காததற்கும் இன்னொரு விலை உண்டு: பின்பக்கம் திறக்காது, முன்பக்கம்தான் திறக்கும், பின்சரிவு ஏறும்.

ஏசிஎல்லையும் அதே நாளில் செய்வதா? நழுவல் தெளிவாக இருந்து, நீங்கள் திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுக்குப் போக விரும்பினால், ஒரே ஆபரேஷனில் இரண்டும் செய்யலாம். வலிதான் பெரிது, நழுவல் எப்போதாவது என்றால் முதலில் எலும்பை மட்டும் நிமிர்த்தி, கூடியபின் ஆறு மாதம் தசையை வலுப்படுத்திப் பாருங்கள். கால் நேராகி, பின்சரிவும் சில டிகிரி குறைந்தபின் நழுவல் அடங்கி, ஏசிஎல் தேவைப்படாதவர்கள் நிறையப் பேர். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது வரிசை முக்கியம். மூட்டுக்குள் வேலையை முடித்து, எலும்பை வெட்டித் திறந்து பிளேட்டை வைத்தபின்தான் கிராஃப்டை இறுக்க வேண்டும். கோணம் மாறினால் நீளமும் மாறும். பிளேட்டைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தால் ஏசிஎல் துளைக்கு முன்னால் இடம் கிடைக்கும். மேல்வரிசை முன் ஸ்க்ரூக்கள் துளையில் குறுக்கிடாதபடி குட்டையாக இருக்க வேண்டும். கிராஃப்டுக்குத் தொடையின் பின்தசை நாண் வசதி, உள்பக்க வெட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். சில்லுக்குப் பின்னாலும் தேய்மானம் இருப்பவர்களுக்குச் சில்லுத் தசைநாணை எடுப்பது முன்முட்டி வலியைக் கூட்டும்.

மூன்றாம் படிக்குப் போன முட்டியில், அதாவது பின்வெளி மூலையும் தளர்ந்திருந்தால், எலும்புதான் முதலில். வளைந்த காலில் வெளிப்பக்கத்துக்கு வைத்த எந்தக் கிராஃப்டும் நிற்காது. எலும்பு நிமிர்ந்தபின் ஒரு பகுதியினருக்கு லிகமெண்ட் ஆபரேஷன் வேண்டியே இருக்காது. வேண்டியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாம் கட்டமாகச் செய்யலாம். வெளிப்பக்கம் தேய்ந்து, முட்டிகள் இடிக்கும்படி வளைந்த காலுக்கு இதே தத்துவம்தான், ஆனால் வெட்டு பெரும்பாலும் தொடை எலும்பின் கீழ்முனையில்.

பாதி மூட்டு மாற்று, அதாவது உள்பக்க அறையை மட்டும் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் மாற்றுவது, உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசுபவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் ஏசிஎல் இல்லாத முட்டியில் வெறுமனே அதை வைத்தால் கீழ்த்துண்டு தளரும். நகரும் பிளாஸ்டிக் வகையில் பிளாஸ்டிக் விலகியும் போகலாம். ஐம்பதை ஒட்டிய, சுறுசுறுப்பான ஒருவருக்கு அதோடு ஏசிஎல்லும் சேர்த்து வைப்பது சில மையங்களில் நடக்கிறது, நல்ல கைகளில் நன்றாகவே நிற்கிறது. நழுவல் உணர்வே இல்லாத, வயதில் மூத்தவருக்கு நிலையான பிளாஸ்டிக் வகையை, பின்சரிவை 7 டிகிரிக்குள் வைத்து, ஏசிஎல் இல்லாமலே செய்வதும் உண்டு. கால் வளைவு மூட்டுக்குள் உள்ள தேய்வால் வந்ததா, எலும்பின் அமைப்பால் வந்ததா என்பதே ஆஸ்டியாட்டமிக்கும் இதற்கும் இடையில் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். எலும்பு நேராக இருக்க, தேய்வினால் மட்டும் வளைந்த காலில் எலும்பை வெட்டுவது புதிதாக ஒரு கோணலை உண்டாக்குவது.

முழு மூட்டு மாற்றைத் தள்ளிப்போடச் சொன்ன மூன்றாமவரின் வாதத்தில் உண்மை உண்டு. 2017இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின்படி, எழுபதுக்கு மேல் முழங்கால் மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம்வரை. 2019இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, முழு மாற்றுகளில் 82 சதவீதம், பாதி மாற்றுகளில் 70 சதவீதம் 25 ஆண்டுகள் நிற்பதாக மதிப்பிட்டது. ஆனால் அதற்காக 46 வயதுக்காரர் பதினான்கு வருடம் வலியோடு வாழ வேண்டும் என்பது சிகிச்சையல்ல. அந்தக் காலத்தில் நழுவி நழுவி வெளிப்பக்கமும் கெடும், எலும்பும் குழிந்துபோகும், பிறகு வைக்கும் மூட்டும் சிக்கலானதாக இருக்கும்.

முட்டியின் மூன்று அறையும் (உள்பக்கம், வெளிப்பக்கம், சில்லுக்குப் பின்னால்) தேய்ந்திருந்தால் வயது பாராமல் முழு மாற்றுதான். அங்கே நழுவும் முட்டிக்கு எவ்வளவு பிடிப்புள்ள மூட்டு என்பதே கேள்வி. பிசிஎல்லை வைத்துச் செய்வது, பிசிஎல்லுக்குப் பதில் நடுவில் மேடு உள்ளது, பக்கவாட்டு ஆட்டத்தையும் தடுக்கும் உயரமான தூண் உள்ளது, கடைசியாகக் கீல் மூட்டு என்று பிடிப்பு ஏறிக்கொண்டே போகும். விதி ஒன்றே: எவ்வளவு குறைந்த பிடிப்பில் முட்டி நிலையாக நிற்குமோ அதுவே போதும். லிகமெண்ட் தாங்க வேண்டிய விசையைக் கூடுதல் பிடிப்புள்ள மூட்டு எலும்புக்குக் கடத்தும். அதனால் எலும்புக்குள் தண்டுகள் வைக்க வேண்டிவரும், தளர்வும் விரைவில் வரும். ஏசிஎல் மட்டும் இல்லாதவருக்குச் சாதாரண மூட்டே போதும், எல்லா வழக்கமான முழு மாற்றிலும் ஏசிஎல்லை எடுத்துவிடுகிறார்கள். உள்பக்க லிகமெண்ட் முற்றிலும் இல்லாதவருக்குத் தூண் அல்லது கீல். முட்டி பின்னோக்கி வளைபவரிடம் தொடைத்தசையின் வலுவைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். போலியோ போன்ற நரம்பு நோயால் தசை வலுவிழந்திருந்தால் அந்த வளைவுதான் அவரை நிற்கவைக்கிறது. சாதாரண மூட்டு வைத்தால் வளைவு திரும்ப வரும், முழுக்கத் திருத்தினாலோ நிற்கவே முடியாமல் போகலாம். முழு மாற்றுக்குப் பிறகு நடை, சைக்கிள், நீச்சல், மலைப்பாதை எல்லாம் முடியும். ஓட்டமும் தாவலும் உள்ள ஆட்டங்களை எந்த மருத்துவரும் ஊக்குவிப்பதில்லை. ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்டியாட்டமிக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் 15 முதல் 20 கிலோ மட்டும் காலில் ஊன்றி ஊன்றுகோலோடு நடை. குளியலறைத் தராசில் காலை அழுத்திப் பார்த்து அந்த அளவைப் பழகலாம். லாக்கிங் பிளேட் இருந்து கீல் முறியாதிருந்தால் ஆறாவது வாரத்துக்குள் முழு எடைக்குப் போகலாம். முதல் நாளிலிருந்தே முட்டியை முழுதாக நீட்டுவதில் கவனம் வையுங்கள். மடங்குவது பின்னால் வரும், நீட்டல் போனால் மீட்பது கடினம். நிலையான சைக்கிள் ஆறு வாரம் அளவில். ஏசிஎல்லும் சேர்ந்திருந்தால் நேர் ஓட்டம் ஐந்து, ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். பேட்மிண்டன் போன்றவை ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து, அதுவும் தொடைத்தசை வலு மறுகாலின் 90 சதவீதத்தைத் தொட்டிருந்தால். கெண்டைக்கால் கல்லாக இறுகி வீங்கினாலும், மூச்சுத்திணறினாலும், வலிமருந்துக்கு அடங்காத வலியோடு பாதம் மரத்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலிரண்டும் ரத்தக்கட்டாக இருக்கலாம், கடைசியது தசையறைக்குள் அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். இரண்டிலும் காத்திருக்க நேரமில்லை.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். ஆஸ்டியாட்டமி தேய்ந்த குருத்தெலும்பைப் புதிதாக்குவதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் பத்து ஆண்டுகளுக்கு மூட்டு மாற்று இல்லாமல் இருக்கிறார்கள். மலையேற்றம் நிச்சயம் முடியும், பேட்மிண்டனில் ஒற்றையர் ஆட்டத்தைவிட இரட்டையர் ஆட்டம் நெடுநாள் தாங்கும். பிளேட் தோலுக்கடியில் உறுத்துவது சகஜம், எலும்பு முழுக்கக் கூடியபின் ஒன்று, ஒன்றரை வருடத்தில் எடுத்துவிடலாம். பின்னொரு நாள் முழு மூட்டு மாற்று தேவைப்பட்டால் செய்ய முடியும், ஆனால் சில்லு சற்றுக் கீழிறங்கியிருக்கும், எலும்பின் கோணமும் மாறியிருக்கும் என்பதால் திட்டமிடல் கூடுதலாக வேண்டும். அதனால் ஆபரேஷன் குறிப்பையும், பிளேட்டின் நிறுவனம், மாதிரி, ஸ்க்ரூ அளவுகள் அச்சிட்ட ஸ்டிக்கர்களையும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேக்களையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் எது என்று தெரியாமல் பிளேட்டைக் கழற்றத் தொடங்கினால், அரைமணி வேலை பல மணிநேரம் இழுக்கும்.